இறங்கியது வேறு, செத்தது வேறு

சாவியைத் திருப்புகிறோம். நியூட்ரல் விளக்கு மங்கலாக எரிகிறது. செல்ஃப் பட்டனை அழுத்தினால் சீட்டுக்கு அடியிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வருகிறது, அதோடு சரி. ஹாரனை அமுக்கினால் தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் இழுக்கிறது. கூப்பிட்ட மெக்கானிக் வந்து, அவரும் ஒருமுறை ஹாரனை அமுக்கிப் பார்க்கிறார். "பேட்டரி போயிடுச்சு சார், மாத்திடுங்க." பத்து விநாடியில் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. நாமும் மறுபேச்சு இல்லாமல் பர்ஸை எடுக்கிறோம்.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. சில நேரம் அது சரியாகவே இருக்கும். ஆனால் விசாரிக்காமல் சொன்ன தீர்ப்பு தற்செயலாகச் சரியாக அமைந்தாலும் அதைத் தீர்ப்பு என்று சொல்ல முடியாது. மெக்கானிக்குகள் மட்டும் இப்படி நினைப்பதில்லை. அலுவலக நண்பர், பக்கத்து வீட்டுக்காரர், ஊரிலிருந்து போனில் பேசும் மாமா என எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்: ஒருமுறை சுத்தமாக இறங்கிய பேட்டரி இனி தேறாது, சார்ஜ் போடுவது வெட்டி வேலை, ரெண்டே நாளில் நடுவழியில் கழுத்தறுக்கும், புதுசு போட்டால் மூன்று வருஷத்துக்குக் கவலை இல்லை. நானும் பல வருஷம் இதை நம்பியவன்தான். நம்பியதற்குக் காசும் கொடுத்திருக்கிறேன்.

என் வண்டி 125 சிசி. அதில் இருப்பது 12 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் சீல் பேட்டரி. வாங்கும்போது வந்த பேட்டரி மூன்று வருஷம் உழைத்து ஓய்ந்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அடுத்துப் போட்டது நான்கே மாதத்தில் இறங்கியது. வழக்கமாக விடும் ஷெட்டில், "டூப்ளிகேட்டா இருக்கும், வேற கம்பெனி போட்டுக்கலாம்" என்றார்கள். போட்டார்கள். பழையதை எடைக்குக் கழித்துக்கொண்டார்கள். மூன்றாவது ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. மறுபடி மாற்றலாம் என்று அங்கே சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அடுத்தடுத்து இரண்டு கம்பெனி பேட்டரியும் ஒரே வண்டியில் மண்டையைப் போடுகிறது என்றால், நோய் பேட்டரியில்தான் இருக்கிறதா?

திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் பேட்டரிக்குச் சார்ஜ் போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். கடை என்று சொன்னால் ஒரு ஷட்டர், ஒரு மர பெஞ்சு. ஆசிட் பட்டுப் பட்டுப் பெஞ்சின் மேல்பலகை கருத்து, விளிம்பு அரித்துப்போயிருந்தது. அவர் கட்டியிருந்த லுங்கியிலும் அங்கங்கே பொத்தல். பேட்டரியை அவர் கழற்றவே இல்லை. கிக்கரை அடித்து வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். மல்டிமீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகளை டெர்மினலில் வைத்துக்கொண்டு, "ஆக்ஸிலேட்டரை முறுக்குங்க தம்பி" என்றார். முறுக்கினேன். 12.3 இருந்த எண் 12.4 ஆனது. இன்னும் முறுக்கச் சொன்னார். எண் நகரவில்லை.

"என்ஜின் இவ்வளவு சுத்துறப்போ பதினாலு காட்டணும். உங்க வண்டி பேட்டரிக்குச் சோறே போடல. அது பட்டினியில கெடக்கு."

ரெகுலேட்டருக்குப் போகும் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். மேக்னட் காயிலிலிருந்து வரும் ஒயர் சேருகிற இடத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கப்ளர். அதன் ஒரு மூலை பழுப்பேறி உருகியிருந்தது. பிரித்தால் உள்ளே ஒரு பின் கருகி, பச்சை பூத்துக் கிடந்தது. வண்டி குலுங்கும்போது தொடும், விடும். தொட்ட நேரம் மட்டும் சார்ஜ் ஏறும். அதனால்தான் ஒரு பேட்டரி நான்கு மாதமும் அடுத்தது ஆறு வாரமும் தாக்குப்பிடித்திருக்கின்றன. கப்ளரை மாற்றியதும் மீட்டர் 14.2 காட்டியது. அதற்கு ஆன செலவு ஒரு பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மூன்றாவது பேட்டரியைக் கழற்றி ஒரு ராத்திரி பெஞ்சில் சார்ஜில் போட்டுக் கொடுத்தார். இன்றுவரை வண்டியில் ஓடுவது அதுதான்.

அதற்கு முன் எடைக்குப் போன இரண்டாவது பேட்டரியை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை. நான்கு மாதக் குழந்தை அது. ஒரு குறையும் இல்லாமல் இருந்திருக்கும்.

இனி, 'இறங்கினால் தேறாது' என்ற நம்பிக்கையை எடுத்துக்கொள்வோம். இந்தப் பேட்டரியை உலகுக்குத் தந்தவர் பிரெஞ்சுக்காரரான காஸ்தோன் பிளான்டே, 1859-இல். அதுவரை புழக்கத்தில் இருந்த மின்கலங்கள் தீர்ந்தால் தூக்கிப்போட வேண்டியவை. இல்லையென்றால் உள்ளே இருக்கும் பொருளையே புதிதாக நிரப்ப வேண்டும். பிளான்டேயின் கண்டுபிடிப்புக்கு இருந்த மதிப்பே, அது காலியானால் மறுபடி நிரம்பும் என்பதில்தான் இருந்தது. காலியாவது அதன் நோயாக இருந்தால் 160 வருஷத்துக்கும் மேலாக உலகம் அதைக் கட்டிக்கொண்டு அழுதிருக்காது.

உள்ளே நடப்பது இதுதான். ஒருபக்கம் ஈயத் தகடு, மறுபக்கம் ஈய டை-ஆக்சைடு பூசிய தகடு, இடையில் நீர்த்த கந்தக அமிலம். மின்சாரம் எடுக்க எடுக்க அமிலத்தில் உள்ள கந்தகம் இரண்டு தகட்டிலும் ஈய சல்பேட்டாகப் படிகிறது. அமிலம் தண்ணீராகிக்கொண்டே போகிறது. சார்ஜ் போட்டால் படிந்தது கரைந்து திரும்ப அமிலத்தில் சேர்கிறது. ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சிப் பார்த்தால் நிரம்பிய பேட்டரியின் ஆசிட் 1.28 அடர்த்தி காட்டும், காலியானது 1.12 பக்கம் நிற்கும். இப்படி ஆறு அறைகள். ஒவ்வொன்றும் 2.1 வோல்ட் வீதம் சேர்ந்து 12.6 ஆகிறது. ஓட்டாமல் நிற்கும் வண்டியில் டெர்மினலில் 12.6, 12.7 இருந்தால் நிரம்பியிருக்கிறது; சீல் பேட்டரி என்றால் இன்னும் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி கூடக் காட்டும். 12.0 என்றால் அடிவண்டல்தான் மிச்சம். 'டிக்' சத்தம் மட்டும் கேட்கும் வண்டியில் பெரும்பாலும் இந்த அடிவண்டல் நிலைதான். குடம் காலி. ஆனால் அது உடைந்துவிட்டதா என்று அந்தச் சத்தத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

எதிர்த்தரப்பு சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. அதை மறைத்து வாதாட எனக்கு விருப்பம் இல்லை. தகட்டில் படிந்த சல்பேட் புதிதாக இருக்கும்வரை பொடிப் பொடியாக இருக்கும், சார்ஜ் ஏறினால் கரைந்துவிடும். அதை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அப்படியே விட்டால் அது கெட்டியாகிப் பெரிய படிகமாக வளர்ந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் முழுக்கக் கரையாது, அந்த அளவுக்குத் தகடு உபயோகமில்லாமல் போகும். ஆகவே இறங்கியதா என்பதைவிட, இறங்கி எத்தனை நாள் ஆனது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. ராத்திரி சாவியை எடுக்க மறந்து விடியக்காலையில் செத்த மாதிரி கிடக்கும் பேட்டரியும், வெளிநாடு போனவர் வீட்டில் ஒரு வருஷம் தூசு மூடி நின்ற வண்டியின் பேட்டரியும் மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டலாம். முன்னது அநேகமாக முழுசாகத் திரும்பிவிடும். பின்னது அநேகமாகத் திரும்பாது. இரண்டையும் ஒரே தராசில் போடுவதுதான் நான் எதிர்க்கும் பழக்கம்.

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தபோது இது ஊர் அளவில் நடந்தது. ஒன்றரை மாதம், இரண்டு மாதம் வண்டிகள் அசையவில்லை. அதுவும் கத்திரி வெயில் காலம். பேட்டரி சும்மா இருந்தாலும் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்; சூடு 10 டிகிரி கூடினால் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஊரடங்கு தளர்ந்ததும் எங்கள் காம்பவுண்டில் கிளம்பாத வண்டிகள் வரிசையாக நின்றன. ஏறக்குறைய எல்லோருமே நேராகப் புது பேட்டரி வாங்கினார்கள். அந்த நாளில் வேலையும் வருமானமும் எப்படிக் கிடந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில், ஒரு ராத்திரி சார்ஜில் தேறியிருக்கக்கூடியவற்றுக்குக் குடும்பங்கள் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு என்று கொடுத்தன. முதலில் சார்ஜ் போட்டுப் பாருங்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

சந்தேகம் இருந்தால் வாரண்டி அட்டையை எடுத்துப் படியுங்கள். என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை. வாரண்டி காலத்துக்குள் பேட்டரி இறங்கிவிட்டது என்று கொண்டுபோனால் உடனே புதுசு கொடுப்பார்களா? மாட்டார்கள். வெறும் டிஸ்சார்ஜ் ஆனதற்கு வாரண்டி கிடையாது என்பதுதான் இந்தத் தொழிலின் பொதுவான நிபந்தனை. பேட்டரியை வாங்கி வைத்து, சார்ஜ் போட்டு, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து லோடு டெஸ்ட் செய்து, அதிலும் தோற்றால்தான் மாற்றித் தருவார்கள். தேறிவிட்டால், "பேட்டரி நல்லா இருக்கு, வண்டியில சார்ஜிங்கை செக் பண்ணுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அது முழுக்க முழுக்கச் சரியான நடைமுறை. நான் கேட்பது இவ்வளவுதான்: செலவு கடைக்காரர் தலையில் விழும்போது இறங்கியது வேறு, செத்தது வேறு என்று அத்தனை தெளிவாகத் தெரிகிறதே, வாரண்டி முடிந்து செலவு நம் தலையில் விழும் மறுநாளே இரண்டும் ஒன்றாகிவிடுமா? பேட்டரிக்குள் இருக்கும் ஈயத்துக்கு வாரண்டி தேதி தெரியுமா?

இறங்கியதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடாமல் புதுசு போடுவது ஓட்டைத் தொட்டிக்கு லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுவதற்குச் சமம். என் வண்டியில் கப்ளர். இன்னொருவர் வண்டியில் திருட்டுக்குப் பயந்து போட்ட ஜிபிஎஸ் கருவியாக இருக்கும், ஹேண்டில்பாரில் மாட்டிய செல்போன் சார்ஜராக இருக்கும், பண்டிகைக்குப் போட்ட எல்இடி பட்டையாக இருக்கும். சாவியை எடுத்த பிறகும் இவை கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் 4000 மில்லி ஆம்பியர்-அவர். சாவி அணைந்த நிலையில் 20 மில்லி ஆம்பியர் கசிந்தால் 200 மணி நேரத்தில், அதாவது எட்டே நாளில், சுத்தமாகக் காலி. கசிவு 2 மில்லி ஆம்பியர் மட்டும் என்றால் அதே பேட்டரி 80 நாளுக்கு மேல் தாங்கும். இந்த 20-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரை வைத்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஓட்டும் விதமும் ஒரு காரணம். ஸ்டார்ட்டர் மோட்டார் 50 ஆம்பியர் வீதம் மூன்று விநாடி இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 40 மில்லி ஆம்பியர்-அவருக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகிறது. பேட்டரிக்கு அரை ஆம்பியர் திரும்பி ஏறுகிறது என்றால் அந்தக் கடனை அடைக்க ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். பால் கடை, பள்ளிக்கூட வாசல், மருந்துக் கடை என்று இரண்டிரண்டு நிமிஷமாக நிறுத்தி நிறுத்தி எடுப்பவர் ஒவ்வொரு தடவையும் கடன் வைக்கிறார். போதாததற்கு, 2017 ஏப்ரல் 1 முதல் வந்த இருசக்கர வண்டிகளில் என்ஜின் ஓடும்வரை முகப்பு விளக்கு அணையாது. 35 வாட் ஹாலஜன் பல்ப் என்றால் அதற்கு மட்டும் மூன்று ஆம்பியர் பக்கம் போகும். சிக்னலில் ஐடிலில் நிற்கும்போது காயில் தரும் மின்சாரத்தில் பெரும்பங்கு அதற்கே சரியாகிவிடுகிறது. இப்படி ஓடும் வண்டிக்கு மாதம் ஒருமுறை ஒரு ராத்திரி சார்ஜ் போட்டால் போதும், வருஷத்துக்கு ஒரு பேட்டரி வாங்க வேண்டிய தேவை இல்லை.

பழைய புல்லட்டில் ஹெட்லைட் மேல்மூடியில் ஒரு சின்ன வட்ட ஆம்பியர் மீட்டர் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். முள் நடுவுக்கு ஒருபக்கம் சாய்ந்தால் சார்ஜ் ஏறுகிறது, மறுபக்கம் சாய்ந்தால் இறங்குகிறது. அந்த வண்டி ஓட்டியவர்களுக்குத் தங்கள் பேட்டரியின் வரவு செலவு கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. முள் ஒருநாள் தப்பாகச் சாய்ந்தால் அன்றைக்கே ஷெட்டுக்குப் போனார்கள். இப்போதைய வண்டிகளில் போன் வந்தால் காட்டுகிறது, வழி காட்டுகிறது. பேட்டரி சாப்பிடுகிறதா, பட்டினியா என்று பெரும்பாலானவை காட்டுவதில்லை. காட்டாததால் நாமும் பார்ப்பதில்லை.

"இதெல்லாம் கார்புரேட்டர் காலத்துக் கதை" என்று ஒரு வாதம் வரும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு பெட்ரோலை உள்ளே தள்ளுவதே எலெக்ட்ரிக் பம்பு. பல வண்டிகளில் கிக்கரே இல்லை. பேட்டரி சுத்தமாக இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் நிச்சயமில்லை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் பெண் ஒருவர் நடு ரோட்டில் நிற்க வேண்டுமா, ஆயிரம் ரூபாய்க்கு யோசிக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கவலை. எதிர்த்தரப்பின் வாதங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஆனால் அந்தக் கவலைக்கு, பார்க்காமல் மாற்றுவது மருந்தாகாது. சார்ஜிங் கெட்டுப்போன வண்டியில் புதுசைப் போட்டு அனுப்பினால், இனி பயமில்லை என்ற நம்பிக்கையோடு போகிற அவர் சில வாரம் கழித்து அதே ரோட்டில் நிற்பார். கிக்கர் இல்லாத வண்டிக்குத்தான் மீட்டர் வைத்துப் பார்க்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும். ஓடும்போது 13.5-இலிருந்து 14.5 வரைக்குள் காட்டினால் சார்ஜிங் சரி. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. பேட்டரி கொதித்து உப்பிவிடும். செல்ஃப் அடிக்கிற நொடியில் 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தள்ளாடுகிறது. இந்த எண்களைத் தெரிந்தவர் நடுவழியில் நிற்பதற்கு முன்பே எச்சரிக்கையாகிவிடுவார்.

நேரம் இல்லை என்பார்கள். சார்ஜ் போட ஒரு ராத்திரி ஆகும், உண்மைதான். ஆம்பியர்-அவரில் பத்தில் ஒரு பங்கு என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு: 4 ஆம்பியர்-அவருக்கு 0.4 ஆம்பியர், 9 ஆம்பியர்-அவருக்கு 0.9. பத்துப் பன்னிரண்டு மணி நேரம். அவசரப்பட்டுக் கார் பேட்டரிக்குப் போடும் சார்ஜரில் மாட்டி ஒரு மணி நேரத்தில் வேலையை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். தகடு வளைந்து, தண்ணீர் வற்றி, நல்ல பேட்டரியும் அங்கேயே முடிந்துவிடும். பிறகு, "பாத்தீங்களா, நான்தான் அப்பவே சொன்னேனே, சார்ஜ் போட்டா நிக்காது" என்பார்கள். நிற்காமல் செய்தது அந்த ஒரு மணி நேரம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது வரும் தானியங்கி சார்ஜர்களில் பல, பேட்டரி வோல்டேஜ் மிகவும் கீழே போயிருந்தால் வேலையையே தொடங்காது, சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். அதையும் மரணச் சான்றிதழாக எடுத்துக்கொண்டு மாற்றிவிடுகிறார்கள். பெரியவரின் பெஞ்சில் இருந்த பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜர் அப்படி முறுக்கிக்கொள்வதில்லை.

மெக்கானிக்குகளை வில்லனாக்க நான் இதை எழுதவில்லை. அரை மணி நேரம் மீட்டரோடு உட்கார்ந்து கப்ளரைத் தேடிக் கண்டுபிடித்தவருக்கு நாம் எவ்வளவு கொடுக்கிறோம்? "மீட்டர் வெச்சுப் பாத்ததுக்கெல்லாம் காசா?" என்று கேட்பது நாம்தான். பேட்டரி விற்றால் அவருக்குக் கமிஷன் உண்டு, நோயைக் கண்டுபிடித்தால் கூலி இல்லை. இப்படி ஏற்பாடு செய்துவிட்டு அவர் விற்கிறார் என்று கோபப்படுவதில் நியாயம் இல்லை. சோதனைக்கு என்று தனியாக நூறோ இருநூறோ கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். நான் இப்போது கேட்காமலே கொடுக்கிறேன்.

செத்த பேட்டரிக்கு உயிர் கொடுப்பதாகச் சொல்லும் கைவைத்தியங்களுக்கும் நான் எதிரிதான். எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றுவது, புது ஆசிட் சேர்ப்பது, சீல் பேட்டரியின் மூடியை நெம்பித் தண்ணீர் விடுவது எல்லாம் வேண்டாத வேலை. பேட்டரியில் வற்றுவது தண்ணீர்தான், அமிலம் ஆவியாவதில்லை. ஆகவே மூடி உள்ள பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மேல் கோடு வரைக்கும். சீல் பேட்டரிக்கு ஒன்றும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது, அறை காற்றோட்டமாக இருக்க வேண்டும்.

புது பேட்டரி என்றால் கவலை விட்டது என்ற நம்பிக்கையிலும் ஓட்டை இருக்கிறது. ஆசிட் ஊற்றிப் போடும் வகை என்றால், ஊற்றிய பிறகு அரை மணி நேரமாவது ஊறவிட்டு, சில மணி நேரம் மெதுவாக முதல் சார்ஜ் ஏற்றித்தான் வண்டியில் பொருத்த வேண்டும். கடையில் நடப்பது என்ன? டியூபை வெட்டி ஊற்றி, மூடியை அழுத்தி, ஐந்தே நிமிஷத்தில் வண்டியில் மாட்டி, செல்ஃப் அடித்துக் காட்டி அனுப்புகிறார்கள். முழுசாக நிரம்பாமல் வாழ்க்கையைத் தொடங்கும் அந்தப் பேட்டரி, நிறுத்தி நிறுத்தி ஓட்டும் வண்டியில் ஒருநாளும் முழுசாக நிரம்பப்போவதில்லை.

கழற்றிய பழையது எங்கே போகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் வலிக்கும் பகுதி. சின்ன பைக் பேட்டரி ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்கும், அதில் பாதிக்கு மேல் ஈயம். ஈயத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். அனுமதி பெற்ற ஆலைக்குப் போனால் நல்லது. 2001-இலேயே இதற்கு விதிகள் வந்தன. 2022-இல் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்து, திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்மேல் சுமத்தப்பட்டது. அந்த ஒழுங்கான பாதைக்கு வெளியே போகும் பேட்டரிகளும் உண்டு. ஏதோ ஒரு கொல்லையில் சுத்தியலால் உடைத்து, ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டி, தகட்டைத் திறந்த அடுப்பில் உருக்குவார்கள். அந்தப் புகையும் தூசும் படியும் மண்ணில்தான் குழந்தைகள் விளையாடுகின்றன. குழந்தையின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். யுனிசெஃப் 2020-இல் இன்னோர் அமைப்புடன் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்று குழந்தைகளில் ஒன்று என்ற கணக்கில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கவலைப்பட வேண்டிய அளவில் இருப்பதாகச் சொன்னது. முறையில்லாமல் உடைக்கப்படும் பேட்டரிகளை அதற்கு முக்கியக் காரணமாகக் காட்டியது. இன்னும் இரண்டு வருஷம் வண்டியில் ஓடியிருக்க வேண்டிய ஈயத்தை நாம் அவசரப்பட்டு அந்த அடுப்பை நோக்கி அனுப்புகிறோம். உழைத்துத் தீர்ந்த பேட்டரி என்றாவது போகத்தான் வேண்டும். உயிருள்ளதை அனுப்ப நமக்கு என்ன அவசரம்?

போன மாதம் எங்கள் தெருவில் நர்ஸாக இருக்கும் ஓர் அக்காவின் ஸ்கூட்டர் காலையில் கிளம்பவில்லை. மூடி உள்ள பழைய வகை பேட்டரி, நான்கு வருஷம் ஆகியிருந்தது. மாற்றச் சொல்லிவிட்டார்கள், என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார். பெரியவரிடம் கொண்டுபோனோம். டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஒரு ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றி, மறுநாள் சும்மா வைத்திருந்து, அதற்கடுத்த நாள் எங்களைக் கூப்பிட்டார். மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அமுக்கி விட்டார். உள்ளே மிதவை எழும்பி நின்றது. முதல் அறை 1250. இரண்டாவது 1250. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாம் அதே பக்கம். ஆறாவதில் மிதவை எழும்பவே இல்லை, 1120-க்குக் கீழே. டெர்மினலில் 10.6.

"ஒரு செல் போயிடுச்சும்மா. இனி இதுக்குச் சார்ஜ் போட்டா நான் உங்ககிட்ட காசை ஏமாத்துறேன்னு அர்த்தம். மாத்திடுங்க."

பிறகு ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து ரெகுலேட்டரிலிருந்து வரும் வோல்டேஜைப் பார்த்தார். 14.1. வண்டியில் குறை இல்லை. அக்கா புது பேட்டரி வாங்கிவந்து பெஞ்சில் வைத்தார். பெரியவர் ஆசிட்டை ஊற்றி, டீ குடித்துவிட்டு வந்து, முதல் சார்ஜில் மாட்டினார். நாளைக்குக் காலையில் வாங்க என்றார். அன்றைக்கு ராத்திரி டியூட்டிக்கு அக்கா டவுன் பஸ்ஸில் போனார்.